வெளியே வைத்துக்கொள்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் நின்றுவிட்டது. எப்போதும் நிற்கிற இடம்தான். கீழே மகாவலி மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது, மேலே ஹோர்ன் சத்தம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. பக்கத்து சீட்டில் இருந்த முஸ்லிம் அம்மா மடியிலிருந்து வெற்றிலைப் பையை எடுத்துச் சுண்ணாம்பு டப்பியைத் திறந்தார். ஈரச் சுண்ணாம்பின் வாசம். அவ்வளவுதான், படுத்துக் கிடந்த கோபம் எழுந்து உட்கார்ந்துவிட்டது. என் முகத்தில் என்ன தெரிந்ததோ, அந்த அம்மா டப்பியை மூடினார்.

"மணம் பிடிக்கலியா மகள்?"

"இல்ல உம்மா, நீங்க போடுங்க" என்றேன். அவர் போடவில்லை. என் கோபத்தால் ஒரு மனுசிக்கு அன்றைக்கு ஒரு வாய் வெற்றிலை போனது.

எனக்குச் சுண்ணாம்பு வெற்றிலையின் வாசம் இல்லை, குளவியின் வாசம். ஒரு பெண்ணின் நெற்றி, கண்ணிமை, கழுத்து, புறங்கை எங்கும் வெள்ளை வெள்ளையாக அப்பிய பொட்டுகள். கொட்டின இடத்திலெல்லாம் சுண்ணாம்பு. ஹந்தானைக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டம், அதன் பேர் எதற்கு. அங்கே ஒரு மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது சவுக்கு மரத்துக் கூடு கலைந்து, ஓட முடிந்தவர்கள் ஓடினார்கள். அவளுக்குக் கூடைக் கயிறு நெற்றியில் மாட்டிக்கொண்டது. கண்டி ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பி வந்தாள். வந்த பிறகு அந்த மலைப் பக்கம் பார்த்தாலே கை கால் உதறியது. மலைக்கு ஏறவில்லை. ஏறாதவளின் பேர் தோட்டத்து ஆள்கணக்குப் புத்தகமான செக்ரோலில் இருந்து எடுபடும். பேர் எடுபட்டால் லயத்து வரிசையில் அவர்கள் குடியிருக்கிற காம்பராவும் எடுபடும். தோட்டத்தின் வழக்கம் அது: ஒரு காம்பராவுக்கு ஒரு பேராவது மலையில் இருக்க வேண்டும். அவர்கள் பிறந்த காம்பராதான், அப்பன் செத்ததும் அங்கேதான், ஆனாலும் அது அவர்களுடையது இல்லை.

அவளுக்கு ஒரு மகள். பதினாறு முடிந்த பிள்ளை. அந்த வருசம் ஓ.எல். பரீட்சை. என்னிடம் சனிக்கிழமைகளில் இங்கிலீஷ் படித்தாள்.

படிப்பது பிள்ளைக் காம்பராவின் பின் அறையில். மலைக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் பிள்ளைக் காம்பரா. முன் அறையில் தொட்டில் சேலைகள், பினாயில், பொங்கி வழிந்த பால்மா. பின் அறையில் நாங்கள். கதவின் பின்பக்கம்தான் எங்கள் கரும்பலகை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயம்மா கதவைத் திறந்தால் பாடம் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். மலையேறாத நாட்களில் அந்தத் தாய் சும்மா இருக்கப் பிடிக்காமல் முன் அறைக்கு வந்து, ஆயம்மாவோடு சேர்ந்து பிள்ளைகளுக்குப் பால் கரைத்துக்கொடுத்தாள். முகத்து வீக்கம் வடிந்துவிட்டது, சுண்ணாம்பு மட்டும் போகவில்லை. இல்லாத வலிக்கும் பூசிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை நான் போனதும் பிள்ளைகள் பாடப் புத்தகத்தை எடுக்கவே இல்லை.

"டீச்சர், பங்களாப் பாதையில பலக நட்டிருக்காங்க."

பழைய துரை பங்களா இப்போது வெள்ளைக்காரர்கள் வந்து தங்குகிற ஹோட்டல். அதன் தோட்டத்தின் ஓரமாக ஒரு குறுக்குப் பாதை, பிள்ளைகள் பள்ளிக்கூட பஸ்ஸுக்கு ஓடுகிற பாதை. அதில் பச்சைப் பலகை. வெள்ளை எழுத்து. தமிழும் இல்லை சிங்களமும் இல்லை, இங்கிலீஷ் மட்டும். கீப் அவுட். யாருக்குச் சொல்கிறோமோ அவர்களுக்குப் புரியாத பாஷையில் எழுதி வைக்கிற மரியாதையை என்னவென்று சொல்வது? வெள்ளைக்காரனுக்கு நட்ட பலகையா அது? அவன்தான் உள்ளே இருக்கிறானே.

"என்னன்னு வாசிச்சீங்க?" என்று கேட்டேன்.

கிரிக்கெட் டீமில் கீப்பராக நிற்கிற பொடியன் முதலில் எழும்பினான். "எனக்குத் தெரியும் டீச்சர். கீப்பர் புடிச்சா அவுட்."

"பேயா, பலகையில எதுக்குடா கிரிக்கெட்?" இது பக்கத்தில் இருந்தவள். "கீப்னா வச்சுக்க. அவுட்னா வெளிய. வெளிய வச்சுக்க."

"எத வெளிய வச்சுக்கணும்?"

"உன்னயத்தான்."

சிரிப்பில் தொட்டில் பிள்ளை ஒன்று எழும்பி அழுதது. நான் சிரிக்கவில்லை. அவள் விளையாட்டுக்குச் சொன்னாள், பலகை அதையேதான் சொல்கிறது. உன்னை வெளியே வைத்துக்கொள். உன் காலை, உன் செருப்புச் சேற்றை, உன் புத்தகப் பையை, உன் சத்தத்தை.

சரி, இதையே படிப்போம் என்றேன். கதவை மூடிவிட்டு அந்த ஒற்றை வார்த்தையைப் பெரிதாக எழுதினேன். கைநிறையக் கோபத்தோடு எழுதினால் சுண்ணக்கட்டி உடையும், உடைந்தது. கீப் என்றால் வைத்திரு. பேனையை நீ வைத்துக்கொள், எனக்குத் திருப்பித் தர வேண்டாம். கீப் என்றால் விடாமல் செய். மழை பெய்கிறது, நீ நடந்துகொண்டே இரு. கீப் என்றால் வளர். ஆயம்மா கோழி வளர்க்கிறார். கீப் என்றால் காப்பாற்று, சொன்ன சொல்லை. கீப் குவாயட் என்றால் —

"அது தெரியும் டீச்சர்!" எல்லாரும் ஒரே சத்தமாக. "வாய மூடு!" பள்ளிக்கூடத்தில் அவர்கள் அதிகம் கேட்ட இங்கிலீஷ் அதுதான்.

பால் இரண்டு நாளைக்குத் தாங்காது என்பதற்கும் இதே வார்த்தைதான் என்றேன். முன் அறையிலிருந்து ஆயம்மாவின் குரல் வந்தது: "பாலு தாங்காது, ரொட்டி தாங்கும், அதையும் எழுதிக்கங்க."

"ஒரே வார்த்த எப்படி டீச்சர் இவ்வளவும் சொல்லும்?" என்று கேட்டான் கீப்பர். நேர்மையாக எரிச்சல்பட்டான். ஒரு பந்துக்கு ஒரு பிடிதான் என்று நம்புகிறவன்.

வார்த்தை ஒரு ஆள் மாதிரி, பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதைப் பார்த்து முகத்தை மாற்றும் என்றேன். கணக்கப்பிள்ளை துரைக்கு முன்னால் ஒரு ஆள், மலையில் ஒரு ஆள் இல்லையா?

"எங்கப்பா குடிச்சா ஒரு ஆளு, குடிக்காட்டி ஒரு ஆளு. அது மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

இங்கிலீஷ்காரனுக்கு மட்டும் இல்லை, நம்மிடமும் இருக்கிறது என்றேன். 'போடு' என்று எழுதினேன். சொல்லுங்கள் பார்ப்போம். அறை பற்றிக்கொண்டது. சட்டை போடு. டீ போடு. சண்டை போடு. ஓட்டுப் போடு. கோலம் போடு. குட்டி போடு, அது நாய். முட்டை போடு, அது கோழியும் கணக்கு டீச்சரும். ஊசி போடு. பொய் போடு என்று ஒருவன் புதிதாகக் கண்டுபிடித்தான், அவனை எல்லாரும் சேர்ந்து வெளியே போட்டார்கள். மொழி இப்படிக் கூச்சல் போடும்போது எனக்கு இந்த ஊரில் எதன் மேலும் கோபம் இருக்காது. மலை தெரியாது, லயம் தெரியாது, பலகை தெரியாது. கூரைத் தகரத்துக்குக் கீழே ஒரு வினைச்சொல் இருபது கால்களில் ஓடிக்கொண்டிருக்கும்.

அதுவரை வாயைத் திறக்காமல் ஜன்னலோரம் இருந்த பெரிய பிள்ளை, குளவி கொட்டியவளின் மகள், பேனையை மூடிவிட்டுச் சொன்னாள்.

"பேர் போடு."

எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள். அந்தச் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும் அது என்ன பேர், எங்கே போடுவது என்று.

"திங்கக்கிழம ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்காங்க டீச்சர். பதினாறு முடிஞ்சிருச்சு, செக்ரோலில பேர் போடலாமாம். அடுத்த கிழமையில இருந்து வர மாட்டேன்."

அதற்குள் கதவு திறந்தது. கரும்பலகை சுவரில் மோதியது. தாய், கையில் பால் போத்தல், முகத்தில் வெள்ளைப் பொட்டுகள்.

"யாரு பேரடி?"

"என் பேரத்தான். வேற யாரு இருக்கா நம்ம காம்பராவில? பூனையா?"

"நீ பரீட்ச எழுதணும்."

"எழுதி? அந்தப் பேப்பர மடிச்சுக் கூரைக்கு வச்சா ஒழுகாதா?"

"வாய மூடு."

"மூடுறேன். காம்பராவையும் மூடுவாங்க, அப்ப நீ வாயத் தொற."

"புள்ளைக தூங்குது!" ஆயம்மா கத்தினார். "ரெண்டு பேரும் வெளிய போய்ச் சண்ட போடுங்க!"

பின்வாங்கிலிருந்து ஒரு சின்னக் குரல், மிகச் சரியான உச்சரிப்பில்: "கீப் அவுட்."

அறையே வெடித்துச் சிரித்தது. மகளுக்கும் உதடு துடித்தது. சிரித்துவிடுவாளோ என்று பார்த்தேன். சிரிக்கவில்லை, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். தாய் போத்தலை இறுக்கிப் பிடித்தபடி நின்றாள். பால் சொட்டுச் சொட்டாகச் சிமெந்துத் தரையில் விழுந்தது.

வகுப்பை அத்தோடு விட்டேன். "வாங்க, ஆபீசுக்குப் போவோம்" என்றேன் தாயிடம். அவள் போத்தலை ஆயம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தாள். வழியில் அந்தப் பலகையைத் தாண்டித்தான் போக வேண்டும். குறுக்குப் பாதையிலேயே போனேன், வேண்டுமென்றே. ஹோட்டல் வாசலில் நின்ற காவல்காரர் சிங்களத்தில் ஏதோ சொல்ல வந்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு வானத்தைப் பார்த்தார்.

"மெதுவாப் பேசுங்க டீச்சர்" என்றாள் அவள், நான் ஒன்றும் பேசாமல்தான் நடந்தேன். பிறகு தானாகச் சொன்னாள்: "அந்த மலையில இப்ப பொலி சொல்றதில்ல."

முதல் பிடிக் கொழுந்தைக் கூடையில் போடும்போது பெண்கள் எல்லாரும் பொலி பொலி என்று குரல் கொடுப்பார்கள். நாள் நிறைய வேண்டும் என்று. கீழே லயம்வரை கேட்கும். குளவி கலைந்த நாளிலிருந்து அந்த மலையில் வாயை இறுக்கிக்கொண்டு எடுக்கிறார்கள். கூடு இன்னும் மரத்தில் தொங்குகிறது. சத்தம் கேட்டால் அது கலையும் என்று பயம். இருமல் வந்தால்கூடச் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொள்வார்களாம்.

ஆபீசில் இருந்தவர் இளம் ஆள். இஸ்திரி போட்ட சட்டை, நல்ல முகம், தமிழன். இங்கேதான் எனக்கு எப்போதும் சிக்கல்: கெட்ட முகமாக இருந்தால் கோபத்துக்கு உட்கார ஒரு இடம் கிடைக்கும். "வாங்க மிஸ், இருங்க" என்று கதிரையை இழுத்துப் போட்டார். ஒரே ஒரு கதிரை. அவளுக்கு இல்லை. அவள் அதை எதிர்பார்க்கவும் இல்லை, வாசல்படிக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் நின்றாள். நானும் உட்காரவில்லை. கதிரை எங்கள் மூவருக்கும் நடுவில் காலியாக இருந்தது.

"நானும் லயத்தில பொறந்தவன்தான் மிஸ். எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா அந்தப் பிள்ளைய ஏன் கூப்பிட்டீங்க?"

"நாங்க கூப்பிடல்ல. அதுவா வந்து கேட்டுச்சு. காம்பராவுக்கு ஒரு பேர் வேணும், இது இன்னைக்கு நேத்து உள்ள வழக்கமா? எத்தன குடும்பம் காம்பரா இல்லாம நிக்குது தெரியுமா?"

"பரீட்சை முடியிற வரைக்கும் விடுங்க."

"இவங்களுக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க."

"கேட்கட்டுமே. இவங்களுக்குப் பிள்ளைக் காம்பராவில வேலை குடுங்க. இப்பவே சும்மா செய்றாங்க."

"அதுக்கு ஆள் இருக்கு மிஸ்."

"குளவிக் கூட்ட எடுத்தீங்களா?"

அவர் முதல் தடவையாகக் கண்ணைத் தாழ்த்தினார். "ஆளுக்குச் சொல்லியிருக்கு."

"எப்ப வருவாங்க?"

"சொல்லியிருக்கு மிஸ்."

சொல்லியிருக்கு. யார் சொன்னது, யாரிடம் சொன்னது, ஒன்றும் கிடையாது அந்த வார்த்தைக்குள். முகமே இல்லாத வினைச்சொல். என் கோபம் அதை எங்கே பிடிக்கும்? மேசையில் இருந்த கண்ணாடிக் குண்டைப் பார்த்தேன். கடதாசி பறக்காமல் இருக்க வைத்தது, உள்ளே ஒரு பிளாஸ்டிக் பூ. அதை எடுத்து எறிந்தால் எந்தக் கண்ணாடி உடையும் என்று என் கை தனியாகக் கணக்குப் பார்த்தது. நான் பேசிக்கொண்டே போனேன். பிள்ளையின் மார்க்குகள், சட்டம், மனசாட்சி, எனக்குத் தெரிந்த பெரிய ஆட்கள், தெரியாத பெரிய ஆட்கள். அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். தலையாட்டுகிறவரோடு எப்படிச் சண்டை போடுவது?

"என் பேரையே வைங்க சார்."

சுவரோரத்திலிருந்து. இரண்டு பேரும் திரும்பினோம்.

"எடுக்க வேணாம். நான் மலைக்கு வர்றேன். பாப்பாவோட பேரப் போட வேணாம்."

"ஏலுமா உங்களுக்கு?" அவர் உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். அதுதான் தாங்க முடியவில்லை.

"ஏலும்."

"அந்தக் கூடு உள்ள மலையில அடுத்த சனிக்கிழமதான் கொழுந்து எடுக்கிறது. அதுவரைக்கும் மத்த மலைதான். பயப்பட வேணாம்." என்னைப் பார்த்துச் சிரித்தார், சுமை இறங்கியவரின் சிரிப்பு. "பாத்தீங்களா மிஸ்? உக்காந்து பேசினா எல்லாம் சுமுகமா முடிஞ்சிரும்."

யார் உட்கார்ந்தது?

வெளியே வந்ததும் அவளைத்தான் திட்டினேன். ஏன் அவசரப்பட்டீர்கள், இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால், மேலிடத்துக்குப் போயிருக்கலாம், யாரையாவது பிடித்திருக்கலாம். அவள் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்: "நீங்க பேசி முடிக்கிற வரைக்கும் நாங்க எங்க இருக்கிறது டீச்சர்?" குத்தலாகச் சொல்லவில்லை. தெரியாமல்தான் கேட்டாள். அன்றைக்கு முழுக்க, பஸ்ஸில், பாலத்தில், வீட்டில் சோற்றுக்கு முன்னால், அதற்கு ஒரு பதிலைத் தேடித் தேடிக் கோபப்பட்டேன். இங்கிலீஷிலும் தேடினேன். எத்தனை அர்த்தம் உள்ள வார்த்தைகள் என்னிடம் இருக்கின்றன, குடியிருக்க ஒன்றுகூட இல்லை.

அடுத்த சனிக்கிழமை வழக்கத்தைவிடக் காலையிலேயே ஆட்டோ பிடித்து மேலே போனேன். பனி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கெடுத்து முடிந்து பெண்கள் மலைப் பாதையில் வரிசையாக ஏறத் தொடங்கியிருந்தார்கள். கடைசிக்கு முந்தியவளாக அவள். இடுப்பில் ஈரம் படாமல் கட்டுகிற படங்குச் சாக்கு, முதுகில் கூடை, சேலை மடிப்பில் சுண்ணாம்பு டப்பியின் வட்டம் துருத்திக்கொண்டிருந்தது. முகத்தில் இப்போது ஒரு பொட்டும் இல்லை. கழுவியிருந்தாள். மகளுக்குக் காட்ட வேண்டாம் என்று இருக்கும்.

மகள் பிள்ளைக் காம்பராப் படியில் நின்றாள். புத்தகப் பை தோளில். அந்தக் கிழமை முழுக்கத் தாயோடு ஒரு வார்த்தை பேசவில்லையாம், ஆயம்மா என் காதில் சொன்னார். சோற்றைப் போட்டு மூடிவைத்தால் சாப்பிடுவாளாம், கேட்டால் பதில் இல்லையாம்.

"உள்ள வா, படிப்போம்" என்றேன்.

"என்னத்த?" என் கண்ணைப் பார்த்துக் கேட்டாள். "இன்னும் எத்தன அர்த்தம் மிச்சம் இருக்கு டீச்சர்?"

பையைப் படியில் எறிந்துவிட்டு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன், என் வயதுக்கு அந்த ஏற்றத்தில் அது ஓட்டமா என்ன. மலை தொடங்குகிற இடத்தில் நின்றாள். தேயிலைச் செடிகளுக்கு மேலே சவுக்கு மரம், அதன் கிளையில் பனிக்குள் கறுப்பாக, ஒரு பெரிய பானையைப் போலத் தொங்கியது கூடு. பெண்கள் ஏற்கெனவே நிரைகளுக்குள் இறங்கியிருந்தார்கள். முதல் பிடி கூடைக்குள் விழுந்தது. யாரும் பொலி சொல்லவில்லை. கொழுந்து ஒடிகிற சத்தம் மட்டும், சின்னச் சின்னதாக, மலை முழுக்க.

ஒரு கிழமை மூடியிருந்த வாய் அங்கேதான் திறந்தது.

"போ! ஏறு! கொட்டு வாங்கிட்டு வா! எனக்காகன்னு மட்டும் சொல்லாத! நான் கேட்டனா? நான் எழுத மாட்டேன், கேக்குதா? ஒரு எழுத்து எழுத மாட்டேன்! எறங்கு அம்மா! எறங்கி வா!"

அத்தனை கைகளும் செடிகளின் மேல் அப்படியே நின்றன. அத்தனை முகங்களும் மரத்தைப் பார்த்தன. எனக்கும் தொண்டைவரை வந்திருந்தது, அந்த ஆபீசுக்கும் பலகைக்கும் காலிக் கதிரைக்கும் சேர்த்துக் கத்த வேண்டிய கத்தல், வாயையும் திறந்துவிட்டேன். தாய் நிரைக்குள்ளிருந்து இரண்டடி கீழே வந்தாள். விரலை உதட்டில் வைத்தாள். எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, தொட்டில் பிள்ளை எழும்பாமல் இருக்கப் பேசுகிற குரலில் சொன்னாள்:

"கத்தாத பாப்பா. மேல குளவி இருக்கு."